செத்தவரை எழுப்பச் சொன்னவர்கள்



மைக்கேல் கிரைட்டனுடைய ‘ஜுராசிக் பார்க்’ நாவலை ஊண் உறக்கமின்றி வாசித்து முடித்து, அதன் இரண்டாம் பாகமாகிய ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ வெளிவந்த நாள் முதல் இன்றுவரை அதைப் பற்றி ஒருவரோடொருவர் ஓயாமல் வழக்காடி வரும் உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். எழுதுவதற்கு எனக்குள்ள யோக்கியதை ஒன்றே ஒன்றுதான்: நானும் உங்களில் ஒருவன். அந்தப் புஸ்தகத்தை முதல் தடவை வாசித்தபோது, ‘அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்’ என்று சொல்லி அலமாரியில் போட்டுவிட்டேன். பல வருஷங்கள் கழித்து, வேறு எதையோ தேடும்போது கையில் அகப்பட்ட அதே பிரதியைச் சும்மா புரட்டத் தொடங்கி, விடியும்வரை கீழே வைக்க மனமில்லாமல் வாசித்து, முன்பு நான் அளித்த தீர்ப்பில் பாதிக்குமேல் என் ஏமாற்றத்தின் குரல்தான் இருந்தது என்று கண்டு வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டென்று எனக்குப் படுவதால் மனம்விட்டுப் பேசுகிறேன், பொறுத்துக் கேளுங்கள்.

உங்களிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. முதற் கட்சியார் சொல்வது இது: மறுபடியும் கோஸ்டா ரிக்காவை ஒட்டிய ஒரு தீவு, மறுபடியும் அங்கே அகப்பட்டுக்கொள்ளும் இரண்டு குழந்தைகள், மறுபடியும் டிரானோசாரஸின் தாக்குதலில் காலில் படுகாயமடைந்து மார்பீன் மயக்கத்தில் உபந்நியாசம் செய்யும் கணித நிபுணர் இயான் மால்கம், மறுபடியும் ராப்டர்களின் துரத்தல், மொந்தை புதிது, கள் பழையது. இரண்டாம் கட்சியாரின் குறை இதற்கு நேர்மாறானது: முதல் நாவலின் ஆலன் கிராண்ட் எங்கே, எல்லி சாட்லர் எங்கே, மின்வேலியும் வழிகாட்டும் வண்டியுமாக நம்மை மயக்கிய அந்தப் பூங்கா எங்கே, உயிரினங்கள் ஏன் அற்றுப்போகின்றன என்ற விசாரணைக்காக இத்தனை பக்கங்களை ஏன் செலவழிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். ஒரு கட்சி பழையதையே கொடுத்தார் என்று கோபிக்கிறது. மற்றது பழையதைக் கொடுக்கவில்லையே என்று கோபிக்கிறது. இந்த இரண்டு கோபங்களும் ஒரே மனிதரின் வாயிலிருந்து ஒரே மூச்சில் புறப்படுவதையும் நான் கேட்டிருக்கிறேன். கேட்டபோது சிரிப்பு வந்தது. பிறகு, அந்த மனிதர் நானே என்று ஞாபகம் வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

நான் கிரைட்டனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. நீங்கள் சுட்டும் குற்றங்களில் பல உண்மையானவை. சர்வ சாமர்த்தியசாலிகளான பெரியவர்கள் தயாரித்த வண்டிகளுக்குள் ஆர்பி, கெல்லி என்ற இரு சிறுவர்கள் ஒளிந்துகொண்டு தீவுவரை வந்து சேர்வது கதையின் வசதிக்காக நடப்பது. அதை யாரும் நம்பப் போவதில்லை. லூயிஸ் டாட்ஜ்ஸன் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கெட்டவனாகவே இருக்கிறான். அவனோடு வரும் இருவரையும் படைத்ததே பிராணிகளுக்கு இரையாக்கத்தானோ என்று தோன்றுகிறது. பணக்கார விஞ்ஞானி ரிச்சர்ட் லெவின் நம் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே பிறந்தவர். முடிவோ, கப்பல் புறப்படும் நேரம் தவறிவிடுமே என்ற பதற்றத்தில் எழுதியதுபோல் அவசரமாக முடிகிறது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு புஸ்தகத்தின் குற்றங்களை எண்ணி முடித்துவிட்டால் அந்தப் புஸ்தகத்தை வாசித்து முடித்துவிட்டதாக ஆகுமா என்பதுதான் என் கேள்வி.

எல்லாக் குற்றங்களிலும் பெரியதாக நீங்கள் சொல்வது, செத்துப்போன மால்கம் பிழைத்து வந்தது. 1990-ல் வெளிவந்த முதல் நாவலின் முடிவில் அவர் மாண்டுவிட்டார் என்பதில் ஆசிரியர் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பூங்காவை அமைத்த ஹாமண்டையும் மால்கமையும் அடக்கம் செய்யக்கூட கோஸ்டா ரிக்கா அரசாங்கம் அனுமதிக்கவில்லை என்று எழுதியே கதையை மூடினார். தீவும் குண்டுகளால் எரிக்கப்பட்டது. வீட்டைப் பூட்டியதோடு சாவியையும் கடலில் எறிந்துவிட்டார் என்றே சொல்லலாம். 1995-ல் வந்த இரண்டாம் பாகத்திலோ, அதே மால்கம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஸாண்டா ஃபே ஆராய்ச்சி நிலையத்தில் சாவதானமாகப் பிரசங்கம் செய்கிறார். தாம் இறந்ததாக வந்த செய்தி கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்டது என்ற பாவனையில் ஒரு பரிகாசம், வைத்தியர்களைப் பற்றி ஒரு பாராட்டு, அவ்வளவோடு சமாதானம் முடிந்தது. இது உங்களுக்குக் கோபமூட்டுகிறது. நியாயம்தான். ஆனால் அவரை எழுப்பச் சொன்னது யார்?

1993-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஸ்பீல்பர்க்கின் திரைப்படம் வெளியாகி உலகமெங்கும் கொட்டகைகள் நிரம்பி வழிந்தபின், அடுத்தது எங்கே, அடுத்தது எங்கே என்று அந்த ஆசிரியரின் கதவைத் தட்டியவர்கள் யார்? 1969-ல் ‘தி ஆண்ட்ரோமீடா ஸ்ட்ரெய்ன்’ மூலம் புகழடைந்த நாளிலிருந்து தம்முடைய எந்த நாவலுக்கும் இரண்டாம் பாகம் எழுதாத மனிதர் அவர். முதலும் கடைசியுமாக அவர் எழுதிய இரண்டாம் பாகம் இது ஒன்றுதான். கதவைத் தட்டியவர்களில் படமெடுப்பவர்களும் இருந்தார்கள், புஸ்தக வியாபாரிகளும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் நம்முடைய பசியைக் காட்டித்தான் தட்டினார்கள். படத்தில் மால்கம் சாகவில்லை. ஜெஃப் கோல்ட்பிளம் என்ற நடிகர் அவரை நம் நெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். ஆகவே மால்கம் இல்லாத இரண்டாம் பாகத்தை நாம் ஏற்றிருப்போமா என்று உங்கள் மனசாட்சியையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. ஷெர்லக் ஹோம்ஸை எழுதி எழுதிச் சலித்த ஆர்தர் கானன் டாயில், 1893-ல் அவனை ஸ்விட்ஸர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் விழச் செய்து கதையை முடித்தார்; வாசகர்களின் நச்சரிப்பு தாங்காமல் பத்து வருஷங்களுக்குப்பின், 1903-ல், அவனை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். அந்த டாயில் வைத்தியம் படித்தவர். கிரைட்டனும் ஹார்வர்டில் வைத்தியப் பட்டம் பெற்றவர். பண்டைய விலங்குகள் இன்னும் உலவும் தென்னமெரிக்கப் பீடபூமியைப் பற்றி டாயில் 1912-ல் எழுதிய நாவலின் பெயரும் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’தான். செத்த கதாபாத்திரத்தை எழுப்பும்படி நிர்ப்பந்திக்கப்பட்ட ஓர் ஆசிரியர், அதே நிர்ப்பந்தத்துக்கு முன்பு ஆளான இன்னோர் ஆசிரியரின் தலைப்பையே எடுத்துத் தம் புஸ்தகத்துக்குச் சூட்டும்போது, அது வெறும் மரியாதை மட்டும்தானா, அல்லது நமக்கு மெல்லிய ஒரு குத்தலா என்று நான் யோசித்ததுண்டு. குத்தலாகத்தான் இருக்க வேண்டும் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் அப்படி வாசிக்கும்போது புஸ்தகம் விளங்கத் தொடங்குகிறது. இறந்தவற்றை எழுப்பி, காசு கொடுத்துப் பார்க்க வரும் கூட்டத்தின் முன் நிறுத்த ஆசைப்பட்டதுதானே ஹாமண்ட் செய்த பாவம்? அந்தப் பாவத்தை முதல் நாவலில் கண்டித்த நாம், அதே கையோடு ஆசிரியரிடம் போய், ‘செத்தவரை எழுப்பிக் கொடும், விலை கொடுக்கிறோம்’ என்றோம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது போலல்லவா இருக்கிறது நம் நீதி!

முதல் நாவலில் வரும் ஒரு சம்பவத்தை உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். பூங்காவிலுள்ள பிராணிகளைக் கம்ப்யூட்டர் ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கை எப்போதும் 238, எப்போதும் சரி. குறைந்தால்தானே ஆபத்து, ஒரு பிராணி தப்பிப் போய்விட்டதென்று தெரியவேண்டுமே என்ற நோக்கத்தோடு அமைத்த ஏற்பாடு அது. மால்கம் வற்புறுத்தியபின் அதை 239 தேடச் சொல்லுகிறார்கள், அதுவும் இருக்கிறது. 300 தேடச் சொன்னபோது உண்மை வெளிவருகிறது; தீவில் 292 பிராணிகள். எதிர்பார்த்த தொகை வந்தவுடன் எண்ணுவதை நிறுத்திவிட்டதால், பெருகியவை யார் கண்ணுக்கும் படவில்லை. நண்பர்களே, ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ விஷயத்தில் நாம் செய்ததும் இதுவே. முதல் நாவலில் நமக்குப் பிடித்த அம்சங்களை ஒரு ஜாபிதாவாக எழுதி வைத்துக்கொண்டு, அவை இரண்டாம் பாகத்தில் இருக்கின்றனவா என்று எண்ணினோம். சிலருக்குக் கணக்குச் சரியாக வந்தது. ‘அதே கதைதான்’ என்றார்கள். சிலருக்குக் குறைந்தது, ‘அந்தச் சுவை இல்லை’ என்றார்கள். ஜாபிதாவில் இல்லாதது ஏதாவது அங்கே பிறந்திருக்கிறதா என்று தேடியவர் மிகச் சிலர்.

என்ன பிறந்திருக்கிறது என்பதைச் சொல்லுகிறேன். முதல் நாவலின் ஐலா நூப்ளார் தீவு ஒரு கண்காட்சி. விருந்தாளிகள் வந்து பார்ப்பதற்காகத் துடைத்து வைத்த கூடம். இரண்டாம் நாவலின் ஐலா ஸோர்னா அந்த வீட்டின் கொல்லைப்புறம். விலங்குகளை உற்பத்தி செய்துவிட்டுக் கைவிட்டுப் போன தொழிற்சாலை. லெவின் அங்கே எதைத் தேடிப் போகிறார்? மனிதக் கை படாத ஒரு பண்டை உலகத்தை. அங்கே டைனோசார்களின் வாழ்வைக் கவனித்தால் உயிரினங்கள் அற்றுப்போவதன் ரகசியம் விளங்கும் என்ற ஆசையோடு போகிறார். ஆனால் அந்தத் தீவில் மனிதக் கை படாத எதுவும் இல்லை. இரை தின்னும் விலங்குகள் இரையாகும் விலங்குகளின் தொகைக்குப் பொருந்தாத அளவு மிகுந்திருக்கின்றன. விலங்குகள் முழு வயதை எட்டுமுன்பே மடிகின்றன. காரணம், குஞ்சுகளுக்கு ஆட்டிலிருந்து எடுத்த சத்தை உணவாகக் கொடுத்தார்கள். அந்த உணவின் வழியே ‘ப்ரையான்’ என்ற விபரீதப் புரதத்தால் வரும் நோய் தீவெங்கும் பரவிவிட்டது. ஆக, மறைந்துபோன உலகம் என்று தலைப்பில் எழுதியிருக்கிறதே, அப்படி ஓர் உலகம் அங்கே கிடையவே கிடையாது. தொழிற்சாலை ஒன்றின் சிக்கனத்தால் அழிந்துகொண்டிருக்கும் மந்தைதான் இருக்கிறது.

இதை வெறும் கற்பனையென்று தள்ளிவிடுவதற்குமுன் தேதிகளைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் மாடுகளைப் பித்துப்பிடிக்க வைத்துக் கொல்லும் நோயை 1986-ல் அடையாளம் கண்டார்கள். இறைச்சியையும் எலும்பையும் அரைத்துக் கால்நடைகளுக்கே தீவனமாக்கிய பழக்கத்தால் அது பரவிற்று. மனிதருக்கும் அது தொற்றக்கூடும் என்பதை அந்நாட்டு அரசாங்கம் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 1996-ம் வருஷம் மார்ச் மாதத்தில். ப்ரையான் என்ற பெயரை வழங்கி அதை ஆராய்ந்த ஸ்டான்லி புரூஸினருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1997-ல். கிரைட்டனின் நாவலோ 1995-ம் வருஷம் செப்டம்பரிலேயே அச்சாகிவிட்டது. ஒரு விஷயம் உலகத்தின் காதில் உரக்க விழுவதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே அதைக் கதையின் அஸ்திவாரமாக வைத்த புஸ்தகத்தை ‘புதிதாக ஒன்றுமில்லை’ என்று நாம் சொன்னோம்.

நோயைவிட என் மனத்தைத் தைத்தது ராப்டர்களின் கூடு. முதல் நாவலில் நம்மை நடுங்க வைத்த அதே ராப்டர்கள்தான். இரண்டாம் நாவலில் அவற்றின் கூட்டைப் பார்க்கும்போது முட்டைகள் மிதிபட்டு நசுங்கிக் கிடக்கின்றன, குஞ்சுகள் எலும்புந் தோலுமாக மெலிந்திருக்கின்றன, பெரியவை ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. ஏன் இப்படி? நாவலே காரணத்தைச் சொல்லுகிறது: கூடிவாழும் விலங்குக்கு வாழும் முறை முழுவதும் ரத்தத்தில் வந்துவிடுவதில்லை, மூத்தவற்றைப் பார்த்து இளையவை கற்க வேண்டும், இந்த ராப்டர்களின் முதல் தலைமுறை ஆய்வுக்கூடத்தில் பொரிந்தது, அதற்குக் கற்றுக்கொடுக்க ஒரு மூத்த ராப்டரும் உலகத்தில் இல்லை. ஊட்டி வளர்க்காத பிள்ளையின் உக்கிரம் அது. இதற்கு எதிரே அதே நாவலில் டிரானோசாரஸ் ஜோடியொன்று தன் குஞ்சுகளைக் கண்ணும் கருத்துமாய்க் காக்கிறது; கால் முறிந்த தன் குஞ்சைத் தேடி வந்து, அதை வைத்திருக்கும் வண்டியையே மலைவிளிம்பு வரை தள்ளுகிறது. ஜாக் ஹார்னர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் மான்டானாவில் கண்ட கூடுகளிலிருந்து, சில டைனோசார்கள் குஞ்சுகளைப் பேணி வளர்த்தன என்ற கருத்து எழுந்து, 1979-ல் ஒன்றுக்கு ‘நல்ல தாய்ப் பல்லி’ என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். அந்த விஞ்ஞானச் செய்தியை எடுத்து, தாய் உள்ள குஞ்சு என்ன ஆகும், தாயற்ற குஞ்சு என்ன ஆகும் என்ற தர்மவிசாரமாக ஆக்கியிருக்கிறார் கிரைட்டன். முதல் நாவல் ‘உயிரைப் படைக்கலாமா?’ என்று கேட்டது. இரண்டாவது நாவல் ‘படைத்தபின் வளர்க்கப்போவது யார்?’ என்று கேட்கிறது. இரண்டாவது கேள்வி முதற் கேள்வியைவிடச் சிறியதென்று எந்தத் தாய் சொல்லுவாள்?

இன்னும் இரண்டொரு நற்குணங்களையும் நீங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். அசையாமல் நின்றால் டிரானோசாரஸின் கண்ணுக்குத் தெரியாது என்று முதல் நாவலில் எழுதியதை இரண்டாம் நாவலில் அவரே மறுக்கிறார். அதை நம்பித் தூணைப்போல் நின்ற ஒரு பேராசிரியரை அந்த விலங்கு தின்றுவிடுகிறது. தம் பிழையைத் தம் கதைக்குள்ளேயே வைத்துத் திருத்திக்கொள்ளும் கிரந்தகர்த்தாக்கள் அபூர்வம். முதல் நாவலின் சிறுமி அழுகைக்கும் நச்சரிப்புக்கும் உரியவளாக மட்டும் இருந்தாள் என்று நீங்கள் குறை சொன்னீர்கள் அல்லவா? இரண்டாம் நாவலில் படகிலிருந்து கடலில் தள்ளப்பட்டும் நீந்திக் கரைசேர்ந்து மற்றவர்களைக் காப்பாற்றும் ஸாரா ஹார்டிங்கையும், அவளைப் பார்த்துத் தன்மேல் நம்பிக்கை கொள்ளக் கற்கும் கெல்லியையும் அவர் படைத்தார். இளையது மூத்ததைப் பார்த்துக் கற்கும் அதே கருத்து இங்கே மனிதரிடத்தில் வந்து பலிக்கிறது. தவிர, 1997-ல் வந்த திரைப்படத்தின் குற்றங்களைத் தயவுசெய்து புஸ்தகத்தின் தலையில் ஏற்றாதீர்கள். ஸான் டியேகோ நகரவீதியில் டிரானோசாரஸ் அலைவது படத்தில்தான். லெவினும் டாட்ஜ்ஸனும் இல்லாததும் கெல்லி மால்கமின் மகளாக மாறியதும் படத்தில்தான்.

ஆகவே என் விண்ணப்பங்களைச் சொல்லி முடிக்கிறேன். புஸ்தகத்தை நீங்கள் விரும்ப வேண்டுமென்று நான் கேட்கவில்லை. இரண்டாம் தடவை வாசித்தபின்பும் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தீர்ப்பு உங்களுடையதாக இருக்கட்டும். உலகத்து மனிதர் எல்லாரையும் கம்பிகளால் ஒன்றாகப் பிணைத்துவிட்டால் எல்லாரும் ஒரே எண்ணத்தை எண்ணத் தொடங்குவார்கள், புதுமை பிறப்பது நின்றுபோகும் என்று இதே நாவலில் மால்கம் கவலைப்படுகிறார். முப்பது வருஷங்களாக ‘முதலாவது உசத்தி, இரண்டாவது மட்டம்’ என்ற அதே வாசகத்தை நாம் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாங்கிச் சொல்லி வருவதைப் பார்த்தால் அவர் கவலை வீணல்ல என்றே தோன்றுகிறது. தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்பது பெண் பார்ப்பவர்களுக்குச் சொன்ன பழமொழி. புஸ்தகம் பார்ப்பவர்களுக்குச் சொன்னதல்ல. மகளை மகளாகவே ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

மற்றொரு விண்ணப்பம், இனி வரப்போகும் புஸ்தகங்களைப் பற்றியது. கிரைட்டன் 2008-ம் வருஷம் நவம்பர் மாதம் காலமானார். அவர் விட்டுப்போன கைப்பிரதிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன; முற்றுப்பெறாமல் இருந்த ‘மைக்ரோ’வை ரிச்சர்ட் பிரெஸ்டன் முடித்து 2011-ல் வெளியாயிற்று; ‘இரப்ஷன்’ ஜேம்ஸ் பாட்டர்ஸனின் கையால் முடிந்து 2024-ல் வந்தது. ‘ஆண்ட்ரோமீடா ஸ்ட்ரெய்’னுக்கும் அவர் மறைந்த பின்னர் 2019-ல் வேறொருவர் இரண்டாம் பாகம் எழுதினார். மரபணுச் சரட்டில் அறுந்துபோன இடங்களைத் தவளையின் மரபணு கொண்டு நிரப்பிய ஹாமண்டின் விஞ்ஞானிகள் என் நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் புஸ்தகங்களை எழுதி முடித்தவர்களை நான் பழிக்கவில்லை. அவர்கள் தங்கள் கடமையைச் சிரத்தையோடு செய்தவர்கள். ஆனால் ஓர் ஆசிரியர் கதவை மூடிவிட்டுப் போனபின், அதைத் தட்டுமுன் ஒரு கணம் நின்று, உள்ளேயிருந்து வரப்போவதை ஏற்று வளர்க்க நமக்குப் பொறுமையிருக்கிறதா என்று கேட்டுக்கொள்வோம். இருந்தால் தட்டுவோம், இல்லையேல் மூடிய கதவை வணங்கிவிட்டுத் திரும்புவோம். தட்டித் திறக்கச் செய்து, வந்த குழந்தையின் முகம் மூத்ததன் முகம்போல் இல்லையென்றும், அப்படியே இருக்கிறதென்றும் இரண்டு விதமாகவும் ஏசி அதை அநாதையாக விட்டுப்போவது மட்டும் வேண்டாம்.

இன்றிரவு நேரமிருந்தால் அலமாரியிலிருந்து அந்தப் பழைய பிரதியை எடுங்கள். நீங்கள் எதிர்பார்த்த 238-ம் அதில் இருக்கிறதா என்று எண்ண வேண்டாம். அதை முன்பே எண்ணிவிட்டோம். 239-வதைத் தேடுங்கள்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்